முதல் வேலையின் முதல் ஆண்டு: கேட்டுப் பெற வேண்டியவை

கல்லூரியில் நான்கு ஆண்டுகள் நாம் எதையும் தேடிப் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாடத்திட்டம், தேர்வு அட்டவணை, மதிப்பெண் எல்லாம் அறிவிப்புப் பலகையில் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் கூப்பிட்டுக் கண்டிக்கவும் ஒருவர் இருந்தார். அலுவலகத்தில் அந்தப் பலகை கிடையாது. என்ன வேலை, எந்த நாளுக்குள், எந்தத் தரத்தில், எவ்வளவு சம்பளம், அதில் எவ்வளவு பிடித்தம் என்பவற்றைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காதவரைத் திட்டவும் மாட்டார்கள் என்பதுதான் இதில் ஆபத்து. விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக்கு மென்பொருள் வேலைக்கு வந்தவன் நான். இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பிலும் இருப்பதால், ஆண்டுதோறும் ஒரே இடங்களில் அவர்கள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அந்த இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன்பு: பெயரும் சான்றிதழும்

நியமனக் கடிதம் வந்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியது உங்கள் பெயரை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அந்த எழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையிலோ தலைப்பெழுத்தை ஏற்காததால் அப்பாவின் முழுப் பெயரே கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். வருங்கால வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண் ஆதாரில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் பாலினத்தையும் அடிப்படையாகக் கொண்டது என்பதால், இந்த வேறுபாடு இன்று சிறியதாகத் தெரிந்தாலும் மூன்று ஆண்டுகள் கழித்துப் பணத்தை மாற்றும்போது பெரிய தொல்லையாக வந்து நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொண்டு, மற்ற ஆவணங்களில் திருத்தக் கூடியவற்றைப் பணியில் சேரும் முன்பே திருத்திவிடுங்கள். நான் திருத்தவில்லை. அதன் விளைவாக அலுவலக மின்னஞ்சலில் கடைசிப் பெயர் முன்னால் வந்து, முதல் ஆறு மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனைவரும் என்னை என் அப்பாவின் பெயர் சொல்லியே அழைத்தார்கள்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை ஒரே விதிதான். அசலைச் சரிபார்க்கக் காட்டலாம்; ஒப்படைக்கக் கூடாது. சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் நிறுவனங்களும் உண்டு. ஒப்பந்தம் இருந்தால், இடையில் விலகினால் எவ்வளவு தொகை, அது எந்தப் பயிற்சிக்கான செலவு, மாதங்கள் செல்லச் செல்ல அந்தத் தொகை குறையுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சம்பளக் கணக்கு

ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சி.டி.சி. என்று கடிதத்தில் இருந்தால், வீட்டில் உடனே 12-ஆல் வகுத்து மாதம் 30,000 என்று முடிவு செய்துவிடுவார்கள். சி.டி.சி. என்பது உங்களால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அது உங்கள் சம்பளம் அன்று. ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 12 விழுக்காடு வைப்பு நிதி ஆண்டுக்கு 21,600 ரூபாய்; பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) ஒதுக்குவது சுமார் 8,650; செயல்திறனைப் பொறுத்துத் தருவதாகச் சொல்லும் தொகை 24,000 என்று இருக்கலாம். இவை மூன்றும் போக மாதத்துக்கு வருவது ஏறத்தாழ 25,480 ரூபாய். அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி 1,800 கழியும். சென்னை மாநகராட்சிக்குரிய தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 என்பதை மாதத்துக்குப் பிரித்தால் 208 கழியும். கையில் வருவது 23,500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பணிக்கொடையும் வழக்கமான பணியாளருக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால்தான் கிடைக்கும். ஆகவே சேரும் முன்பே மனிதவளப் பிரிவில் கேட்க வேண்டிய கேள்வி, "சி.டி.சி. எவ்வளவு" என்பதன்று, "பிடித்தமெல்லாம் போக மாதம் வங்கியில் எவ்வளவு வரும்" என்பதே. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்கள் பலர். தயங்க வேண்டியதில்லை, அந்தப் பிரிவினர் தினமும் பதில் சொல்லும் கேள்விதான் அது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, உங்கள் நிறுவனம் இ.எஸ்.ஐ. (பணியாளருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சட்டத்தின்கீழ் வந்தால், உங்கள் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் நிறுவனத்தின் பங்காக 3.25 விழுக்காடும் அதற்குப் போகும். அந்தப் பணம் போவது தெரிந்தும் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்காமல் தனியார் மருத்துவமனையில் கைப்பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைப்பு நிதிக்கும் இதேதான். இரண்டாம் மாதமே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். நிறுவனத்தின் பங்கான 1,800 ரூபாயில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய், 550 மட்டும் வைப்பு நிதியில் சேர்ந்திருக்கும். அது தவறு அன்று, விதியே அப்படித்தான். ஆனால் எந்தத் தொகையும் சேராமல் சம்பளச் சீட்டில் மட்டும் பிடித்தம் காட்டப்பட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.

கல்விக் கடன் வாங்கியவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்பது உண்மை. அந்தக் காலத்தில் வட்டி ஏறாது என்பது உண்மை அன்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்கி, தனி வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால், சலுகைக் காலம் முடியும்போது வட்டி மட்டுமே 1,40,000 ரூபாய் ஆகியிருக்கும். அது அசலோடு சேர்ந்து 5,40,000 ரூபாய்க்குத் தவணை தொடங்கும். வேலை கிடைத்த மாதத்திலிருந்து அந்த மாத வட்டியான சுமார் 3,300 ரூபாயையாவது கட்டிவந்தால் இந்த ஏற்றம் அத்துடன் நிற்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்தால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சலுகைக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் அது பதிவாகியிருக்கிறதா என்பதைக் கடன் வாங்கிய கிளைக்குப் போய்க் கேளுங்கள்.

தங்குமிடம்

இதில் அதிகம் சொல்வதற்கில்லை. முதல் மூன்று மாதங்கள் விடுதியில் இருந்துவிட்டு, வேலை நேரமும் ஷிப்டும் தெரிந்த பிறகு நண்பர்களோடு வீடு எடுப்பது நல்லது. வீடு பார்க்கும்போது தண்ணீர் லாரியில் வருகிறதா, மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்ற இரண்டையும் கேளுங்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. அந்த "வேறுவிதமாக" என்ற சொல்லில்தான் வீட்டுக்காரர்கள் நுழைந்துகொள்கிறார்கள். ஆகவே கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். வெளியூரிலிருந்து வரும் பெண்கள், தமிழ்நாடு அரசின் ‘தோழி’ விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

வேலை செய்யும் இடத்தில்

சேர்ந்த இரண்டாம் மாதம் என்னிடம் ஒரு சிறு வேலை கொடுத்தார்கள். ஒரு நிரல் சோதனைக் கணினியில் ஓடாமல் நின்றது. மூன்று நாள்கள் நானே முட்டி மோதினேன். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நான்காம் நாள் டீம் லீட் வந்து பார்த்துவிட்டு, எனக்கு ஒரு கோப்பைப் படிக்கும் அனுமதியே தரப்படவில்லை என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். நான் எதிர்பார்த்தபடி, "இது கூடத் தெரியாதா" என்று அவர் கேட்கவில்லை. "என்றைக்கு மாட்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். "அப்படியானால் செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். அன்று முதல் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: அரை நாள் நானே முயல்வது, அதற்குள் நகராவிட்டால் கேட்பது. கேட்கும்போது "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது. என்ன செய்ய முயன்றேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, இதுவரை எவற்றைச் சோதித்துவிட்டேன் என்று நான்கு வரி எழுதிக்கொண்டு போனால், பாதி நேரங்களில் எழுதும்போதே விடை தெரிந்துவிடும். எழுதிய கேள்வியை ஒருவரும் முட்டாள்தனமாக எண்ணுவதில்லை.

வேலையை ஏற்கும்போதும் இதே ஒழுங்கு தேவை. புரியாமலேயே "சரி சார்" என்று தலையாட்டுவது நம் வகுப்பறைகள் நமக்குக் கற்றுத்தந்த பழக்கம். அதற்கு மாறாக, "நான் புரிந்துகொண்டது இது, வியாழன் மாலைக்குள் இந்தப் பகுதியைத் தர வேண்டும், சரிதானா?" என்று நம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். நாள் தவறப்போகிறது என்று தெரிந்தால் அந்த நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும்; வியாழன் மாலை ஐந்து மணிக்குச் சொல்வது பிறருடைய திட்டத்தையும் சேர்த்துக் குலைக்கும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பெரும் அச்சம், தொலைபேசிக் கூட்டங்களில் ஆங்கிலம் பேசுவது. இலக்கணம் சரியாக வரும்வரை வாய் திறக்காமல் இருப்பது தவறான வழி. நேற்று முடித்தது, இன்று செய்யப்போவது, தடையாக இருப்பது என்ற மூன்று வாக்கியங்களைக் கூட்டத்துக்கு முன் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் நிதானமாகப் படித்தால் போதும். ஆறு மாதத்தில் தாள் தேவைப்படாது. பேச்சில் புரியாமல் போனதைக் கூட்டம் முடிந்ததும் மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அது குறையை மறைக்கும் வழியாகத் தெரிந்தாலும், எழுத்துச் சான்று இருப்பதால் மூத்தவர்களும் அதையே விரும்புகிறார்கள்.

யாரை எப்படி அழைப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். மென்பொருள் நிறுவனங்களில் மேலாளரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சார், மேடம் என்றே வழங்கும். முதல் வாரம் மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று கவனித்துவிட்டு அதைப் பின்பற்றுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த இடத்திலும், பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புகாரை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் குழுவினரின் பெயர்களைத் தேவைப்படும் நாளில் தேடாமல், சேர்ந்த வாரத்திலேயே கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

மதிப்பெண் வராத வாழ்க்கைக்குப் பழகுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. கல்லூரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம் நிலை என்ன என்பது தாளில் வந்துவிடும்; இங்கே ஆண்டுக்கு ஒருமுறை அப்ரைசல் வரும்போது, பிப்ரவரியில் செய்த நல்ல வேலையை நீங்களே மறந்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் முடித்தவற்றையும் யாருக்கு அது பயன்பட்டது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேலாளரிடம், "நான் எதை மாற்றிச் செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். "நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்டால் "நன்றாகத்தான் செய்கிறீர்கள்" என்ற பதிலே வரும், அதில் பயன் ஏதும் இல்லை.

ஊரும் உறவும்

உறவினர்களிடம் சி.டி.சி. எண்ணைச் சொல்லாதீர்கள்; கையில் வரும் தொகையையும் அம்மா, அப்பாவிடம் மட்டும் சொல்லுங்கள். அவர்களிடம் கடன், வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் எழுதிக் காட்டி, மாதம் இவ்வளவு அனுப்ப முடியும் என்று ஒரு தொகையை முதல் மாதமே முடிவு செய்வது, மாதந்தோறும் கேட்டு, மாதந்தோறும் வருந்துவதைவிட இரு தரப்புக்கும் நிம்மதி. ஊருக்குப் போய்வரும் ஆசையில் ஞாயிறு இரவுப் பேருந்தைப் பிடித்து, திங்கள் விடியலில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, நேராக அலுவலகம் போவதை வழக்கமாக்காதீர்கள்; பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில்தான் வாரத்தின் வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள், அப்போது தூங்கி வழிபவருக்கு மிஞ்சியதே கிடைக்கும். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த நாளைக் குறித்து வைத்து, பயணச்சீட்டு எடுக்கும் அன்றே விடுப்பையும் கேட்டுவிடுங்கள். குழுவில் எல்லோருமே ஊருக்குப் போக விரும்புவார்கள் என்பதால், முதலில் கேட்டவருக்கே விடுப்புக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

விலக நேர்ந்தால்

முதல் வேலை பிடிக்காமல் போவது குற்றம் அன்று. ஆனால் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. அப்ஸ்காண்ட் என்று பதிவாகிவிட்டால் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சோதனையில் அது தெரியவரும். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதை நியமனக் கடிதத்தில் பார்த்து, மின்னஞ்சலில் விலகல் கடிதம் கொடுத்து, கடைசி நாளையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல் முடங்குவதற்கு முன்பே சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் தரவிறக்கி வைத்துவிட வேண்டும். வைப்பு நிதிப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். எண்ணைப் புதிய நிறுவனத்தில் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுப் பணிக்காலம் முடியும் முன் எடுத்தால் வரியும் சேர்ந்து வரலாம். ரிலீவிங் லெட்டரிலும் அனுபவச் சான்றிதழிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, தலைப்பெழுத்தோடு கூடிய உங்கள் பெயர் ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று, அவற்றைத் தந்தவர் எதிரே இருக்கும்போதே படித்துப் பாருங்கள்.