மால்ட்டை ஒப்பிடும் முன் வீரியத்தைச் சமமாக்குங்கள்

இரண்டு சிங்கிள் மால்ட் விஸ்கிகளை (ஒரே ஆலையில் மால்ட் பார்லியில் வடித்தவை) ஒப்பிடும்போது, வீரியம் கூடியதில் தண்ணீர் விட்டு மற்றதன் அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கிளென்ஃபார்க்ளாஸ் 105-இல் ஆல்கஹால் 60 சதவீதம், கிளென்லிவெட் 12-இல் 40. முதலாவதில் 20 மில்லி எடுத்து 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடும். வேறு பாட்டில் என்றால், அதன் சதவீதத்தை 40-ஆல் வகுத்து, 1-ஐக் கழித்து, ஊற்றிய மில்லியால் பெருக்குங்கள். வருவதுதான் தண்ணீரின் அளவு.

60 சதவீதத்தில் ஆல்கஹாலின் காரம் மூக்கையும் நாக்கையும் மரக்கச் செய்துவிடும். ஷெர்ரி ஒயின் பீப்பாய் தரும் உலர்திராட்சை வாசம் அதற்குள் அமுங்கிப்போகும். விஸ்கிகளைக் கலந்து தயாரிக்கும் பிளெண்டர்களே 20 சதவீதம் வரை இறக்கித்தான் முகர்ந்து பார்ப்பது வழக்கம். தண்ணீர் விட்டதும் சில மால்ட் லேசாகக் கலங்கும். குளிர்வடிகட்டல் (விஸ்கியைக் குளிர்வித்து, கலங்கவைக்கும் பொருட்களை வடிகட்டுவது) செய்யாததால் வருவது அது, குறையே இல்லை. குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

ஒன்று 40 சதவீதம், மற்றது 43 என்ற அளவு சிறிய வித்தியாசத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. லாஃப்ராய்க், ஆர்ட்பெக் போன்ற புகைவாசம் தூக்கலான, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு மால்ட்டுகளுக்கு இது மட்டும் போதாது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தப் புகை நாக்கில் தங்கிவிடும், அவற்றைக் கடைசியில்தான் சுவைக்க வேண்டும்.