மீட்டரிலிருந்து தொடங்குங்கள்: பிள்ளைகளுக்குக் கார்பன் கணக்கு பழக்குவது எப்படி

"லைட்டை அணை, பூமி சூடாகுது" என்று நாள் முழுக்கச் சொன்னாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு ஏச்சு, அவ்வளவுதான். கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, மணக்கவும் செய்யாது. ஆனால் அதைக் கணக்குப் பார்க்க ஓர் இடம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது: கரண்ட் மீட்டர். பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கும் முன் அளக்கச் சொல்லிக்கொடுங்கள். அளந்து பழகிய பிள்ளைக்கு எது பெரிய செலவு, எது சின்னச் செலவு என்பது தானாகப் பிடிபடும். சொல்லிக் கேட்ட பிள்ளையோ போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்கும்.

சிவப்பு விளக்கை எண்ணுதல்

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே 3200 அல்லது 1600 போல ஓர் எண் அச்சாகியிருக்கும். மீட்டருக்கு மீட்டர் இது மாறும். 3200 என்றால், விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது. அந்த மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்பது சுமார் 19 வாட்.

பகல் நேரத்தில் செய்யுங்கள். பிரிட்ஜைக் கால் மணி நேரம் அணைத்து வையுங்கள், மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விளக்கு அடங்கியதும் ஒரு பிள்ளை மீட்டர் முன் நிற்கட்டும், இன்னொன்று கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். முதலில் பழைய சீலிங் ஃபேனை மட்டும் முழு வேகத்தில் போடுங்கள்: 75 வாட் ஃபேன் என்றால் நிமிடத்துக்கு 4 சிமிட்டல். அதை அணைத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டால் இரண்டு நிமிடம் காத்திருந்தால்தான் ஒன்று வரும். அப்புறம் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போடுங்கள். நிமிடத்துக்கு 53, எண்ணி முடிக்கப் பிள்ளைகள் திணறுவார்கள். பிறகு நீங்கள் விளக்கிச் சொல்ல அதிகம் இருக்காது.

தப்பாகப் போகும் இடங்களும் உண்டு. எல்லாம் அணைத்தும் விளக்கு சிமிட்டினால், பெரும்பாலும் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கரண்ட் போய்வந்த நாளில் இந்தச் சோதனை வேண்டாம். இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்காவது கசிவு இருக்கலாம். பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட நிற்க வேண்டும். மீட்டர் பெட்டியைத் திறக்கவோ தொடவோ கூடாது. மழை பெய்து சுவர் ஈரமாக இருக்கும்போது பக்கத்திலேயே போக வேண்டாம்.

அடுத்து, தினமும் ஒரே நேரத்தில் யூனிட்டை நோட்டில் எழுதுவது. மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்ட் எல்லாம் மாறி மாறி ஓடும். யூனிட்டுக்கான கே.டபிள்யூ.ஹெச். என்ற எழுத்துகள் கூட வரும் எண்ணை மட்டும் எழுத வேண்டும். பிள்ளைகள் வேறு எண்ணை எழுதிவிடுவது சகஜம். முதல் வாரம் நீங்கள் ஒத்துப் பாருங்கள். நேற்றைய எண்ணைக் கழித்து, வருவதை 0.7 ஆல் பெருக்கினால் அன்றைக்கு வீட்டுக் கரண்டால் வெளியான கரியமில வாயு கிலோவில் கிடைக்கும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக அந்த அளவுதான் வெளியாகிறது.

இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஆரல்வாய்மொழியில இவ்வளவு காத்தாடி சுத்துது, கோதையாத்துல தண்ணில கரண்ட் எடுக்காங்க, பிறகு நம்ம கரண்ட்ல எப்படிக் கரி வரும்?" நல்ல கேள்வி, மழுப்பாதீர்கள். ஆரல்வாய்மொழி பக்கத்து முப்பந்தல் காற்றாலையும் கோதையாறு நீர்மின் நிலையமும் தரும் மின்சாரம் தனிக் கம்பியில் நம் வீட்டுக்கு வருவதில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையம் நிலக்கரி எரித்துத் தருவதோடு சேர்ந்து ஒரே கட்டமைப்பில் ஓடுகிறது. காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் நிலக்கரியின் பங்கு கூடும். நாம் மிச்சப்படுத்தும் யூனிட் பெரும்பாலும் நிலக்கரியைத்தான் குறைக்கிறது.

பள்ளிக்கூடம் போகும் வழி

பல வீடுகளில் பிள்ளையின் பெயரில் ஏறும் பெரிய கணக்கு இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. பள்ளி 4 கிலோமீட்டர் தூரம் என்று வையுங்கள். காலையில் ஸ்கூட்டரில் விட்டுவிட்டுத் திரும்பி வருவது 8, மாலையில் கூட்டிவருவதும் 8, ஆக நாளுக்கு 16 கிலோமீட்டர். பாதித் தூரம் பின்சீட் காலி. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் நாளுக்கு 0.8 கிலோ, 200 பள்ளி நாளுக்கு 160 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று முழுக்க எரிந்தால் வெளியாவது ஏறக்குறைய 42 கிலோ. அதாவது நாலு சிலிண்டர் எரித்ததற்குச் சமம். காரில் விட்டால் இதுவே மூன்று மடங்கு.

ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடக்கலாம். அதற்கு மேல் இலவச பஸ் பாஸ் எடுத்துப் பஸ்ஸில் போகலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வேனைப் பகிரலாம். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்க வேண்டாம். ஆனால் வழியைப் பெரியவர் ஒருமுறை கூடவே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாறைப்பொடி லாரி ஓடும் ரோட்டில் பிள்ளையை அனுப்பி மிச்சம் பிடிக்கும் கார்பன் நமக்கு வேண்டாம். சானல்கரை (கால்வாய்க் கரை) வழி நெரிசல் குறைவு; நீச்சல் தெரியாத சின்னப் பிள்ளைகளைத் தனியே அங்கேயும் விடக் கூடாது.

அடுப்பும் தட்டும்

சம்பா அரிசி வேக நேரம் பிடிக்கும். முதல் நாள் ராத்திரி ஊறப் போடுவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். பயறு, கடலைக்கும் அதுவே. தெர்மல் குக்கர் இருந்தால் கால் மணி நேரம் கொதித்ததும் பானையை உள்ளே இறக்கி மூடிவிடுங்கள்; மீதியை உள்ளே அடைபட்ட சூடே வேகவைக்கும். இடையில் திறந்து பார்த்தால் சூடு போய், சோறு நடுவில் அரிசியாக நிற்கும். இதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

ஒரு வாரம், தட்டில் மிஞ்சுவதை ஒரு கிண்ணத்தில் போட்டு ராத்திரி நிறுத்துப் பாருங்கள். வயலில் தேங்கிய தண்ணீரிலிருந்து மீத்தேன் என்ற வாயு கிளம்பி விளைந்த நெல்தான் மிஞ்சிய அந்தச் சோறு. குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகினால் மறுபடியும் மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். பானையில் மிஞ்சிய சோறு பழங்கஞ்சி ஆகட்டும். தட்டில் மிஞ்சுவதைத் தவிர்க்க, முதலில் கொஞ்சம் போட்டுப் பிறகு கேட்டு வாங்கப் பழக்கினால் போதும்.

உரவாளி

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று எடுங்கள். அடியிலும் பக்கத்திலுமாக 15 துளைகளைச் சூடாக்கிய ஆணியால் பெரியவர் போட்டுக் கொடுக்க வேண்டும். அடியில் மூன்று விரற்கடை தேங்காய்த் தும்பு. ஒரு கைப்பிடி காய்கறிக் கழிவுக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த சருகு என்பதே அளவு. தொடக்கத்தில் ஒரு கைப்பிடி சாணமோ பழைய உரமோ சேர்த்து, மூன்று நாளுக்கொரு முறை கம்பால் கிளற வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசனை வரும்.

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம்: சருகு போட்டுக் கிளறுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது: தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அதுவும் கழிவைத் தின்று உரமாக்கும். மேலே சருகால் நன்றாக மூடுங்கள். நம் மாவட்டத்தில் இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது மழைக்காலத்தில்தான். ஆனி ஆடிச் சாரல், மறுபடி ஐப்பசி கார்த்திகை என இரண்டு பருவமழையிலும் காய்ந்த சருகு கிடைக்காது. ஆகவே ரப்பர் இலை உதிரும் ஜனவரி, பிப்ரவரியிலேயே இரண்டு சாக்கு நிரப்பிக் கூரைக்குக் கீழே வைத்துவிடுங்கள். மீன் கழிவை வாளியில் போடாதீர்கள். தென்னை மூட்டிலிருந்து நாலைந்தடி தள்ளி ஒன்றரை அடிக் குழியில் போட்டு மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள். இல்லையென்றால் நாய் தோண்டிவிடும்.

முற்றம் தூத்த (பெருக்கிய) சருகைப் பிளாஸ்டிக் கவரோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் இன்றைக்கே நிற்க வேண்டும். கவர் பெட்ரோலியத்தில் செய்தது. அதன் புகையைக் குனிந்து பெருக்கும் பிள்ளைதான் முதலில் சுவாசிக்கிறது.

பயமுறுத்தாமல்

கடற்கரை ஊர்களில் 2017 நவம்பர் ஒக்கிப் புயலில் அப்பாவையோ சித்தப்பாவையோ இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். "லைட்டை அணைக்காவிட்டால் புயல் வரும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கடல் சூடாவது புயல்களுக்கு வலுச் சேர்க்கிறது என்பது அறிவியல். ஒரு குறிப்பிட்ட புயலை ஒரு பிள்ளையின் சுவிட்சோடு முடிச்சுப்போடுவது பொய், கொடுமையும்கூட. அதேபோல, ஏ.சி. எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், எந்த வண்டி வாங்க வேண்டும் என்பதெல்லாம் பெரியவர்களின் முடிவு. அந்தக் கணக்கைப் பிள்ளை மேல் ஏற்றாதீர்கள். நோட்டில் வீட்டார் எல்லோர் பெயரும் இருக்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்ததும் நோட்டின் மொத்தத்தை பில்லோடு ஒத்துப் பாருங்கள். போன பில்லோடு ஒப்பிட வேண்டாம்; சித்திரை வெயிலில் ஃபேன் ஓடுவதும் மார்கழியில் ஓடுவதும் ஒன்றல்ல, பிள்ளை வீணாக மனம் தளரும். போன வருடம் இதே இரண்டு மாதத்து யூனிட் எவ்வளவு என்று பழைய பில்லில் பாருங்கள், ஒப்பிடுவது அதனோடுதான்.