ஷோபானின் ஈ மைனர் பிரிலூட்: இடக்கையில் கோட்டை விடாதீர்கள்

பியானோ பழகிக் கொஞ்ச நாள் ஆனதும் இசையமைப்பாளர் ஷோபானின் படைப்புகளை வாசிக்க ஆசை வரும். பலரும் முதலில் எடுப்பது அவருடைய ஓபஸ் 28 தொகுப்பில் நான்காவதாக வரும் இந்த ஈ மைனர் பிரிலூட் (சிறிய பியானோப் படைப்பு). 1839-இல் வெளிவந்தது, மொத்தமே 25 பார் (தாளக் கட்டம்). புதிதாக வருபவர்கள் இதில் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் நான் விழுந்த இடங்கள்தான். தப்பு நோட்டு, விட்டுப்போன ஷார்ப் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்.

வலக்கையை முதலில் மனப்பாடம் செய்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். முதல் மூன்று பாரிலும் வலக்கைக்கு இருப்பது பி, சி என்ற இரண்டே நோட்டு. கதை நடப்பது இடக்கையில். முதல் பாரில் ஜி-பி-ஈ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) எட்டு முறை. அப்புறம் அது நழுவத் தொடங்கும். ஒரு சமயம் அடிவிரல், ஒரு சமயம் நடு, ஒரு சமயம் மேல், பெரும்பாலும் அரைச்சுரம் அரைச்சுரமாக. அடியில் கார்டு மாறுவதால்தான் மேலே அதே பி ஒவ்வொரு முறையும் வேறாகக் கேட்கிறது.

ஒரு மாணவி வலக்கையை நெளிவு சுளிவோடு மனப்பாடம் செய்துவிட்டு வந்தாள். இடக்கையைச் சேர்த்ததும் மூன்றாம் பாரில் நின்றுவிட்டது. ஒவ்வொரு கார்டையும் புதிதாகத் தேடி, கையைத் தூக்கித் தூக்கி வைத்தாள். தூக்கிய கை இறங்கும்போது இடிக்கத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தை எடுப்பதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிட அதிக நாள் பிடித்தது.

எட்டு முறை அடித்துப் பழகாதீர்கள். கார்டு மாறும் இடத்தில் மட்டும் ஒரே முறை அழுத்துங்கள். மாறாத விரல்கள் கட்டையிலேயே இருக்கட்டும். நகர வேண்டியது மட்டும் நகரட்டும், அதன் ஒலி ஒரு பொட்டு கூடுதலாகக் கேட்கட்டும். எந்த விரல் இறங்கியது என்று சட்டென்று சொல்ல முடிந்தால்தான் அடுத்த கார்டு. 12-ஆம் பார் வரை இப்படிப் போய்வந்த பிறகு எட்டெட்டாகப் பிரியுங்கள். கிராண்ட் பியானோவில் கட்டை பாதி எழும்பினாலே மறுபடி ஒலிக்கும், செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோவில் இன்னும் மேலே வர வேண்டும். எதுவானாலும் விரல் கட்டையை விட்டுப் பிரியக் கூடாது.

பெடல்

பாருக்கு ஒரு முறை போதாது. கார்டு மாறும்போதெல்லாம் மாற்றுங்கள்.

லார்கோ என்றதும் இழுப்பது

லார்கோ என்றால் மிக மெதுவாக என்று பொருள்தான். ஆனால் அதன் பக்கத்திலேயே கோடு வெட்டிய சி இருக்கிறது, பாருக்கு இரண்டு தட்டு என்று பொருள். எட்டாக எண்ணினால் மெட்டு செத்துவிடும். 1849 அக்டோபர் 30 அன்று பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் ஷோபானின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள். அதற்காக நாமும் தினம் தினம் அவரை அடக்கம் செய்ய வேண்டியதில்லை.

16, 17-ஆம் பார்கள்

இங்கே ஷோபான் ஸ்ட்ரெட்டோ என்று எழுதி வேகத்தை நெருக்கச் சொல்கிறார், பியானோவை உடைக்கச் சொல்லவில்லை.

23-ஆம் பாரை அவசரமாகத் தாண்டுவது

ஓய்வுக்குறியின் மேல் ஃபெர்மாட்டா (நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி) இருக்கிறது. காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருங்கள். அதற்குப் பிறகுதான் கடைசி மூன்று கார்டுகள்.

கட்டையில் எடை இல்லாத கீபோர்டு

இந்தப் பிரிலூட்டுக்கு வேண்டாம்.