பஞ்சு வேண்டாம், பழைய சேலை போதும்: லீவு நாளில் முதல் குயில்ட்

போடியில் இருந்துகொண்டு குயில்ட் தைக்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சொல்வது "இலவம் பஞ்சு வாங்கிட்டியா?" என்பதுதான். ஊர் அப்படி. மலையடிவாரத்தில் இலவ மரம், ஊருக்குள் பஞ்சுக் கடை, தலையணை தைக்கிற கடை. துணிக்குள் எதையாவது அடைத்தால்தான் கதகதப்பு என்று நமக்கு ஒரு நினைப்பு.

பஞ்சை அடைத்துத் தைத்தால் அது மெத்தை. மூன்று அடுக்கை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி நகராமல் நிறுத்தினால் அது குயில்ட். மேலே ஒட்டுத்துணிகளை இணைத்த முகம், நடுவில் கனத்துக்கு ஒரு அடுக்கு, அடியில் ஒரே துணி. அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிய காற்றுதான் சூட்டைக் காக்கிறது.

இலவம் பஞ்சு இதற்கு ஒத்துவராது. அதன் இழை வழவழப்பானது, குட்டையானது, உள்ளே குழலாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு மாதிரி ஒன்று உண்டு. ஒரு இழை இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளாது. தண்ணீரும் சுலபத்தில் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் வைத்தார்கள். தலையணைக்கு அருமை. போர்வைக்குள் போட்டால் நாலு நாளில் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், துவைத்தால் உருண்டு கட்டியாகிவிடும். வங்காளத்தில் காந்தா, வடகர்நாடகத்தில் கவுதி என்று பழைய சேலைகளை அடுக்கித் தைக்கிறார்கள். பஞ்சே இல்லாமல் அவர்களுக்குக் குளிர் அடங்குகிறது, நமக்கும் அடங்கும்.

அரையாண்டுப் பரீட்சை லீவு இதற்குச் சரியான நேரம். பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், வெட்ட, அடுக்க, ஊக்கு எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. அடுத்து போகி வருகிறது. வீடு ஒழிக்கும்போது வெளியே போகிற சேலைகளை இப்போதே மடக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துணி

பருத்தி மட்டும். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சின்ன மணியாகக் கெட்டிப்படும். (இதைப் பிள்ளைகளிடம் விடவேண்டாம்.)

சக்கம்பட்டி காட்டன் சேலை கிடைத்தால் விடாதீர்கள். நெசவு கெட்டி, உடுத்த உடுத்த மென்மையாகியிருக்கும். எடுத்த சேலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். சல்லடையாகத் தெரிகிற இடத்தை விட்டுவிடுங்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து இழுத்துப் பாருங்கள். சரக்கென்று கிழிந்தால் அந்தப் பகுதி வேண்டாம். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஜரிகையைத் தொடவே வேண்டாம், ஊசியை மழுங்கடிக்கும்.

சாயம் போகிற துணியா என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையில் அழுத்தித் தேயுங்கள். சுங்குடியில், அதிலும் சிவப்பிலும் கருநீலத்திலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நிற்காது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. தெளியவே இல்லையென்றால் அந்தத் துணியைத் தனியாக வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அலசிய துணியை லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுங்கள். வடித்த கஞ்சியே போதும், தண்ணீராக விளாவிக்கொள்ளுங்கள். துணி விறைப்பாக இருந்தால் வெட்டும்போது நெளியாது, தைக்கும்போது இழுபடாது. முதல் துவைப்பில் கஞ்சி போய்விடும். என்னைக் கேட்டால், புதிதாகத் தைக்கிறவர்களுக்கு விலை உயர்ந்த கத்தரிக்கோலைவிட இந்தக் கஞ்சிதான் உதவும்.

முதலில் ஒரு பிடிதுணி

நேராகப் போர்வையில் இறங்காதீர்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்குகிற பிடிதுணி ஒன்று தைத்துப் பாருங்கள். குயில்டின் எல்லா வேலையும் இதில் சின்ன அளவில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் மாலைக் காப்பிக்குள் முடிந்துவிடும்.

4½ இன்ச் சதுரம் நாலு வெட்டுங்கள். இரண்டிரண்டாக, நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து, ஓரத்திலிருந்து கால் இன்ச் விட்டுத் தையுங்கள். அந்த இரண்டு ஜோடியையும் இணைத்தால் 8½ இன்ச் சதுரம் வரும். நடுவில் வைக்க, பழைய தேங்காய்ப்பூத் துண்டில் அதே அளவில் இரண்டு. அடித்துணி 10½ இன்ச். அடித்துணியை நல்ல பக்கம் கீழே வைத்து விரித்து, நடுவில் துண்டு, மேலே சதுரம். சுற்றிலும் ஒரு இன்ச் அடித்துணி வெளியே தெரியும். ஊக்கு மாட்டி, மூலைக்கு மூலை இரண்டு தையல் ஓட்டுங்கள். பிறகு வெளியே நிற்கிற துணியை அரை இன்ச் மடக்கி, இன்னொரு மடிப்பாக முகத்தின்மேல் ஏற்றித் தைத்தால் ஓரமும் முடிந்தது. மாட்டி வைக்க ஒரு மூலையில் நாடா.

இதற்கு மட்டும் எங்கேயும் பாலியஸ்டர் கூடாது, நூல் உட்பட. சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

இனி போர்வை

நாம் தைக்கப்போவது 36க்கு 48 இன்ச். குழந்தைக்குப் போர்வை, பெரியவர்கள் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது மடிமேல் போட்டுக்கொள்ளலாம். அகலத்தில் 6 சதுரம், நீளத்தில் 8, மொத்தம் 48. ஒவ்வொன்றும் 6½ இன்ச் வெட்டினால், தையலுக்குக் கால் இன்ச் கால் இன்ச்சாகப் போய் 6 இன்ச் நிற்கும்.

நாலு சேலை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வெளிர் நிறம், இரண்டு அடர் நிறம். அகலவாக்கில் 6½ இன்ச் குறித்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்துவிடுங்கள். பயப்பட வேண்டாம். பருத்தி நூல் பிடித்து நேராகக் கிழியும். அந்த நேர் கத்தரிக்கு வராது. கிழித்த பட்டையில் கரையை நீக்கிவிட்டால் ஆறு சதுரம் கிடைக்கும். ஒரு சேலைக்கு இரண்டு பட்டை, கணக்கு சரி.

சதுரத்துக்கு அச்சு வேண்டும். கனமான கல்யாணப் பத்திரிகை அட்டை எதுவும் வீட்டில் இல்லாமல் இருக்காது. பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற மூலைமட்டத்தை வைத்து மூலை நேராக 6½ இன்ச் வெட்டிக்கொள்ளுங்கள். அட்டை ஓரம் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். வெட்டிய துணியை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தால் சதுரமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். வெளிர், அடர் என்று மாற்றி மாற்றி வைப்பது பாதுகாப்பான வழி. பிள்ளைகளுக்கு அவர்கள் இஷ்டப்படி வைக்கத்தான் ஆசை வரும், அதுவும் நன்றாகவே அமையும். ஒருமுறை நாற்காலியில் ஏறி நின்று செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எங்கே ஒரே அடர்த்தியாக அப்பிக் கிடக்கிறது என்பது நிறம் போன பிறகுதான் தெரியும். சரி என்று பட்டால் வரிசைக்கு ஒரு எண் எழுதிச் சீட்டுக் குத்தி வையுங்கள். யாராவது ஃபேனைப் போட்டுவிடுவார்கள்.

இணைப்பது

மிதி மிஷின் போதும். பெரும்பாலான மிஷினில் அழுத்துகிற பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு ஒட்டி விட்டால் ஏறக்குறைய கால் இன்ச் வரும். முதலில் ஒரு வீணான துணியில் அளந்து பாருங்கள். கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் எல்லாத் தையலிலும் அதே அளவு இருக்க வேண்டும். ஒரு தையலில் ஒரு நூல் கனம் மாறினால் ஆறு சதுரத்தில் அது ஒரு விரல்கடையாகிவிடும்.

வரிசை வரிசையாகத் தையுங்கள். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியைப் பின்னாலேயே விடலாம். கடைசியில் எல்லாம் கொடியில் தொங்கும் கொடித்தோரணம் போலச் சேர்ந்து வரும், அப்போது வெட்டிக்கொள்ளலாம்.

இப்போது இஸ்திரி. இதைத் தட்டிக்கழிக்க எல்லோருக்கும் ஆசை வரும், வேண்டாம். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து அழுத்துங்கள். இரண்டாவது வரிசையில் இடப்பக்கம். மூன்றாவது மறுபடி வலம். பிறகு இரண்டு வரிசையைச் சேர்த்துப் பிடித்து, தையல் சந்திக்கிற இடத்தை விரலால் நெருடிப் பாருங்கள். ஒரு மடிப்பு இந்தப் பக்கம் மேடு, இன்னொன்று அந்தப் பக்கம் மேடு. தள்ளிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று முட்டி நிற்கும். அங்கே குண்டூசி குத்திவிட்டால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் கூடும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், இழுத்தால் சதுரம் கோணிக்கொள்ளும்.

நடு அடுக்கு

போடி, கம்பம், தேவாரம் போன்ற கீழ்ப்பகுதிக்கு, மார்கழிக் காலைக் காற்றுக்கு, பழைய சேலைத் துணி மூன்று மடிப்பு தாராளம். முகத்துக்கு எடுத்த சேலைகளில் மீந்ததே போதும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறி மூணாறு பக்கம் எஸ்டேட்டில் இருக்கிற சொந்தக்காரருக்குத் தைப்பதென்றால் கணக்கு வேறு. லட்சுமி எஸ்டேட், சைலன்ட் வேலி எஸ்டேட் பக்கமெல்லாம் ஜனவரியில் சில வருடம் பூஜ்ஜியத்துக்கே இறங்கி, விடிந்தால் புல்மேல் உறைபனி கிடக்கும். அங்கே ஒரு பழைய மெல்லிய கம்பளியையே நடுவில் வையுங்கள். ஒருமுறை துவைத்துச் சுருங்கவிட்டு வைப்பது முக்கியம். மெத்தைக் கடையில் தாளாகக் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சும் போடலாம், கனம் குறைவு, சீக்கிரம் காயும்.

அடித்துணிக்கு நாலு முழ வேட்டியோ கேரள முண்டோ நன்றாக இருக்கும். நடு அடுக்கும் அடித்துணியும் 40க்கு 52 இன்ச் இருக்கட்டும்.

விரிப்பதும் ஊக்கு மாட்டுவதும்

தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை நல்ல பக்கம் கீழாக விரியுங்கள். நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையோடு நிறுத்துங்கள். விறைப்பாக இருக்கட்டும், இழுத்துக் கட்டவேண்டாம். இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கிப் பின்பக்கம் மடிப்பு விழும். மேலே நடு அடுக்கு. அதன்மேல் முகம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். பிறகு நடுவில் தொடங்கி, கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு மாட்டுங்கள். நூறு ஊக்காவது பிடிக்கும். அவ்வளவு இல்லையென்றால் பிறகு பிரித்துவிடுகிற மாதிரி பெரிய பெரிய தையலாகக் கையால் ஓட்டிவிடலாம். முதுகு வலிக்கும் வேலை இது ஒன்றுதான். இதை ஒழுங்காகச் செய்தால் அப்புறம் பிரித்துத் தைக்க வேண்டியிருக்காது.

தையல் ஓட்டுவது

மூன்று வழி இருக்கிறது.

மிஷின்: 16 நம்பர் ஊசி, தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், பாதத்தின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். சதுரத்தின் இணைப்புக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி நேர்கோடு, சதுரத்தின் நடுவே இன்னொன்று. போர்வையின் நடுக்கோட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போகவேண்டும். வலப்பக்கத் துணியைப் பாய் போலச் சுருட்டி உள்ளே விடுங்கள். மறு கையால் இழுக்கக் கூடாது, மிஷின் எடுத்துக்கொள்ளும்.

கைத்தையல்: எனக்குப் பிடித்தது இதுதான். ஒன்றரை முழத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கும். நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, தொடங்குகிற இடத்துக்கு ஒரு இன்ச் தள்ளி முகத்தில் மட்டும் ஊசியைக் குத்தி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். நூலை வெடுக்கென்று சுண்டினால் 'டப்' என்று ஒரு சத்தம். முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிடும், எந்தப் பக்கமும் தெரியாது. பிறகு இடக்கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நுனி விரலில் லேசாகத் தட்டுப்பட்டால் மூன்று அடுக்கையும் தாண்டிவிட்டது என்று அர்த்தம், உடனே மேலே திருப்புங்கள். ஊசியை ஆட்டி ஆட்டி மூன்று நாலு தையலைச் சேர்த்து எடுத்து நூலை இழுக்கலாம். தையல் சின்னதாக இருக்கிறதா என்று கவலைப்படாதீர்கள், ஒரே அளவில் இருந்தால் அழகாகவே தெரியும்.

முடிச்சு: மெத்தைக்காரர்கள் போடுகிற மாதிரி, நாலு இன்ச்சுக்கு ஒன்றாகக் கனமான நூலைக் குத்தி எடுத்து இறுக்கி முடிவது. பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை.

எந்த வழியானாலும் நாலு இன்ச்சுக்கு மேல் தையல் இல்லாத இடம் இருக்கக் கூடாது.

ஓரம்

நடு அடுக்கை முகத்தின் அளவுக்கு வெட்டிவிடுங்கள். அடித்துணியைச் சுற்றிலும் ஒரு இன்ச் வெளியே விட்டு வெட்டுங்கள். இனி பிடிதுணியில் செய்ததுதான்: அரை இன்ச் மடித்து, மறுபடி மடித்து முகத்தின்மேல் ஏற்றி எம்மிங் செய்யவேண்டும். மூலையில் மட்டும் நுனியைச் சாய்வாகக் கொஞ்சம் வெட்டி, அந்தச் சாய்வை முதலில் உள்ளே மடித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் மடித்தால் மொத்தமாகப் புடைக்காது. தனிப் பட்டை வைத்து ஓரம் கட்டுவது இதைவிடக் கூடுதலாக உழைக்கும், ஆனால் முதல் போர்வைக்கு அது தேவையில்லை. குயில்டில் முதலில் நைந்துபோவது ஓரம்தான். போனால் அப்போது ஒரு பட்டையை மேலே வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

முதல் துவைப்பு பச்சைத் தண்ணீரில், தனியாக. முறுக்கிப் பிழியாமல் அழுத்தி எடுத்து, கொடியில் இரட்டைக் கம்பியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் தையல் இழுபடும். காய்ந்ததும் தையலோரம் எல்லாம் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்திருக்கும். அதை இஸ்திரி போட்டு நேராக்கக் கூடாது.