மூட்டு நெகிழ்ந்த உடம்புக்கு ஏற்ற தலையணையும் திண்டும்

பகலில் நம் மூட்டுகளைத் தசைகள் தாங்கிப் பிடிக்கின்றன. உறக்கம் ஆழமானதும் தசைகள் தளர்ந்துவிடும். மூட்டு மிகை நெகிழ்வு இல்லாதவர்களுக்கு அப்போதும் கவலை இல்லை. மூட்டு ஓர் எல்லையைத் தாண்டாமல், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூட்டு மிகை நெகிழ்வு உள்ள நமக்கு அந்தத் தசைநார்களே அளவுக்கு மீறி நீளக்கூடியவை. அதனால் தோளும் இடுப்பும் முழங்காலும் எடை இழுத்த பக்கம் சாய்ந்து, கடைசி எல்லையில் மணிக்கணக்காகத் தொங்குகின்றன. காலையில் எழும்போது இரவெல்லாம் பாரம் சுமந்ததுபோல் வலிப்பது இதனால்தான். எனவே தலையணை வாங்கும்போது மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தாங்குகிறதா என்று பாருங்கள்.

நான் மதுரையில் தையல் தொழில் செய்கிறேன். என் கட்டைவிரல் முன்கையைத் தொடும். முழங்கால்கள் பின்னோக்கி வளையும். மூட்டு நெகிழ்வை மதிப்பிடும் பெய்டன் அளவுகோலில் 9-க்கு 7. துணியும் பஞ்சும் கையில் புழங்கும் தொழில் என்பதால் எனக்கு வேண்டிய தலையணைகளை நானே தைத்துக்கொள்கிறேன். தைக்கத் தெரியாதவர்களும் கடையில் கேட்டு வாங்கும்படியாகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயரம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தலையணையின் உயரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். சுவரில் தோளின் வெளிப்பக்கம் படும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். தலையை நேராக வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு மேலே தலையின் பக்கத்திலிருந்து சுவர் வரை உள்ள இடைவெளியை வீட்டில் யாராவது அங்குல நாடாவால் அளக்கட்டும். எனக்கு 5 அங்குலம் வருகிறது. கோரைப்பாயில் படுத்தால் இந்த உயரம் அப்படியே வேண்டும், ஏனென்றால் தரையில் தோள் அமுங்குவதில்லை. மெத்தையில் தோள் எவ்வளவு புதைகிறதோ அவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். என் தேங்காய் நார் மெத்தையில் நாலரை அங்குலம் போதும். பாய்க்கு வாங்கிய தலையணை மெத்தைக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான்.

கவனியுங்கள், நான் சொல்வது தலை வைத்து அழுத்திய பிறகு உள்ள உயரம். கடையில் உப்பிக்கொண்டு நிற்கும் உயரம் அல்ல. சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து, எதிரே இருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கு, முகவாய், நெஞ்செலும்பின் நடு மூன்றும் படுக்கைக்கு இணையாக ஒரே கோட்டில் வர வேண்டும். மூக்கு மெத்தையை நோக்கிச் சாய்ந்தால் தலையணை தாழ்வு. கூரையை நோக்கி எழும்பினால் உயரம் அதிகம். மல்லாந்து படுப்பவர்களுக்கு இதைவிடத் தாழ்வான தலையணை போதும். கழுத்து வளைவுக்கு அடியில் மட்டும் மெல்லிய துண்டைச் சுருட்டி உறைக்குள் செருகலாம்.

பொருளில் என் முதல் தேர்வு இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் பஞ்சு இங்கே எளிதில் கிடைக்கிறது. வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அதைவிடப் பெரிய நன்மை, கூட்டவும் குறைக்கவும் முடிவது. கடைக்காரர்கள் பஞ்சைத் திணித்து அடைத்துத் தருவதையே நல்ல தலையணை என்று நினைப்பார்கள். 16-க்கு 24 அங்குலத் தலையணையை அப்படி அடைத்தால் கழுத்து ஒருபக்கமாக ஒடிந்து கிடக்கும். உள்ளுறைக்கு ஜிப் வைக்கச் சொல்லுங்கள். நெருக்கமாக நெய்த துணியாக இருக்கட்டும். கொஞ்சம் தளர்வாக அடைக்கச் சொல்லி, மிச்சப் பஞ்சைத் தனிப் பையில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்தும் சேர்த்தும் பார்த்தால் உங்கள் உயரம் தானாக அமையும். ஜிப்பைத் திறக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், இழை பறக்கும். இந்தப் பஞ்சு நாளடைவில் அமுங்கும். வெயிலில் காயவைத்து உதறினால் மீண்டும் எழும்பும். தண்ணீரில் நனைக்கக் கூடாது.

மெமரி ஃபோம் வாங்குவோருக்கு ஒரு சொல். அது வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். குளிரூட்டிய கடையில் கையால் அழுத்திப் பார்த்து வாங்கிய தலையணை, சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் வேறு தலையணையாகிவிடும், தலை புதைந்துபோகும். ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் தலையணை அப்படி மாறாது, வடிவம் குலையாது. விலை கூடுதல், கனமும் அதிகம்; ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேண்டாம். நடுவில் குழியும் ஓரத்தில் மேடும் கொண்ட கழுத்துத் தலையணைகள் உங்கள் அளவோடு பொருந்தினால் நல்லவைதான். ஆனால் உயரத்தை மாற்ற முடியாததை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கால்கள். இரு முழங்கால்களுக்கு இடையே வைக்கச் சிறிய ஃபோம் கட்டைகள் விற்கிறார்கள். அவை முழங்காலை மட்டும் தூக்கும். பாதம் கீழே தொங்கும். அப்போது கெண்டைக்கால் முறுக்கி, அந்த முறுக்கு முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் இறங்கும். நமக்கு வேண்டியது தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளும் திண்டு. மேல்காலின் முழு நீளமும் அதன்மேல் இடுப்பு மட்டத்தில் கிடக்க வேண்டும். பழைய பருத்திப் புடவைகள் இரண்டை நீளவாக்கில் மடித்து, பழைய தலையணை உறைகளை இணைத்துத் தைத்து உள்ளே செலுத்தினால் செலவில்லாமல் முடியும். பஞ்சைவிடப் புடவை மடிப்பு அமுங்காமல் நிற்கிறது.

இன்னொரு திண்டு நெஞ்சோடு அணைக்க. ஒருக்களித்தால் மேல்தோள் முன்னால் விழுந்து மூட்டுக்குழியிலிருந்து நழுவப் பார்க்கும். முழங்கையும் மணிக்கட்டும் திண்டின்மேல் கிடந்தால் தோள் தன் இடத்தில் நிற்கும். முழங்கையை முழுக்க மடக்கி உறங்குபவர்களுக்குச் சுண்டுவிரல் மரத்துப்போகும். திண்டை அணைத்தால் மடிப்பும் குறையும். கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் வளைந்த நீண்ட தலையணை இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும். ஆனால் புரண்டு படுக்கும்போதெல்லாம் அதைத் தூக்கித் திருப்ப வேண்டும். தோள் நழுவும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த இழுப்பே ஆகாது. சிறிதாக இரண்டு திண்டுகள் வைத்துக்கொள்வதே மேல்.

மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே 3 அங்குலச் சுருள் போதும். மூட்டு பின்னோக்கி வளையாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. அதிக உயரம் வைத்தால் இடுப்பின் முன்பக்கம் இறுகும். தோளிலிருந்து முழங்கை வரை அடியில் மடித்த துண்டு வையுங்கள், தோள் பின்னால் சரியாது. குப்புறப் படுப்பதை மெல்ல விட்டுவிடுவது நல்லது, அதில் கழுத்து இரவு முழுவதும் எல்லை வரை திரும்பிக் கிடக்கிறது. போர்வையை மெத்தைக்கு அடியில் செருக வேண்டாம், பாதங்களைக் கீழே இழுக்கும்.

கனமான போர்வை சிலருக்கு ஆறுதல் தருகிறது. மூட்டு எங்கே இருக்கிறது என்ற உணர்வு நமக்குக் குறைவு. உடலில் அழுத்தம் இருந்தால் அது தெளிவாகிறது. நம் ஊர் வெப்பத்தில் முழுப் போர்வை முடியாது. பவானி ஜமக்காளத்தை மடித்துத் தொடைகள்மேல் மட்டும் போட்டுக்கொள்கிறேன். தோள்மேலும் விலாமேலும் கனம் வேண்டாம். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

கழுத்தைத் திருப்பினால் தலைசுற்றல், கைகால் மரத்துப்போதல், விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தலையணையை மாற்றிப் பார்க்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சில இரவுகள் விட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது வலித்தது என்று பிரித்தறிய முடியாது. இயன்முறை மருத்துவரிடம் போகும்போது, ஒருக்களித்துப் படுத்து எடுத்த படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

வெளியூர் போகும்போது உறவினர் வீட்டில் கிடைக்கும் தலையணையை நம்ப முடியாது. நான் ஒரு சால்வையும் காலி உறை ஒன்றும் எடுத்துச் செல்வேன். மடிப்பைக் கூட்டிக் குறைத்து என் அளவுக்குக் கொண்டுவரலாம். ரயிலில் கீழ்ப் படுக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஏணியில் தொற்றித் தோளை இழுக்க வேண்டியிருக்காது. சுவருக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தால் பின்னால் தாங்கலும் கிடைத்துவிடும்.