காஞ்சிபுரம் போகிறவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது

சென்னையிலிருந்து சாவகாசமாகக் கிளம்பி, வழியில் டிபன் முடித்து, பத்தரை மணிக்குக் காஞ்சிபுரத்தில் இறங்குகிறவர்கள்தான் அதிகம். காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் தரிசிப்பதற்குள் உச்சிவேளை வந்துவிடும். நடை சாத்தினால் திறக்க நாலு மணி ஆகும். அதுவரை பட்டுக்கடைதான் கதி. ஏழு மணிக்கே ஊருக்குள் இருந்தால் இந்த வம்பே இல்லை, வெறுங்காலில் கொதிக்கும் கல்லில் ஓடவும் வேண்டாம்.

அடுத்தது, கூட்டமில்லாத கோயிலை ஒதுக்கிவிடுவது. என்னைக் கேட்டால், ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் கைலாசநாதருக்குப் போங்கள். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மணற்கல் என்பதால் பல சிற்பங்களில் முகம் தேய்ந்திருக்கிறது. பிராகாரத்தைச் சுற்றியுள்ள சிற்றாலயங்களுக்குள் குனிந்து பாருங்கள். சிலவற்றில் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டும் உண்டு. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்ததைச் சொல்வது அது. எதிரி ஊர்க் கோயிலில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

வைகுண்டப் பெருமாள் கோயிலில் சேவித்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடாதீர்கள். சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மண்டபத்தில், சுவர் நெடுகப் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. போர், பட்டாபிஷேகம் எல்லாம் உண்டு.

ஆட்டோ பேசும்போது கோயில் பெயர்களைச் சொல்லி, "கடைக்கு வேண்டாம்" என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பட்டு வாங்குவதென்றால் அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள், சரிகை அசலா என்று கேளுங்கள். அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும்.

வரதராஜர் கோயில் ஊரின் மறுகோடியில், சின்னக் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கூரையில் இருக்கும் தங்க, வெள்ளிப் பல்லி உருவங்களைத் தொட வரிசையில் நின்றுவிட்டு, கல்சங்கிலி தொங்கும் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். அத்திமரத்தால் ஆன பெருமாளான அத்திவரதர் எங்கே என்று தேடுகிறவர்களும் உண்டு. அவர் மண்டபத்துக்குப் பக்கத்தில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-இல்தான் வெளியே வந்தார், இனி 2059-இல் வருவார்.