பதிவுகளைத் தானாகப் போக வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோகிராம் எழுதத் தெரியாமலே ஸேப்பியர் (Zapier), மேக் (Make), என்எயிட்என் (n8n) போன்ற தானியங்கிக் கருவிகளை வைத்து ஒரு கடையின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேரத்துக்குத் தானாகப் போக வைக்கலாம். போட வேண்டிய பதிவுகளை வரிக்கு ஒன்றாக எழுதிவைக்க ஒரு கூகுள் ஷீட்டும் அரை நாளும் போதும். புதிதாக அமைத்தவர்கள் பலர் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். எழுத்துப்பிழை பாருங்கள், ஹேஷ்டேகைக் குறையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

‘நிலை’ என்ற நெடுவரிசை இல்லாத ஷீட்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ‘வரி புதிதாக வந்தாலோ மாறினாலோ பதிவு போடு’ என்று ட்ரிக்கர், அதாவது கருவியை ஓடவைக்கும் நிபந்தனை, வைத்துவிடுகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். அப்புறம் யாராவது ஷீட்டைத் தேதிவாரியாக அடுக்குவார், இல்லையென்றால் நடுவில் ஒரு வரியைச் செருகுவார். நம் கண்ணுக்கு அது அதே ஷீட். கருவிக்கோ பத்தாவது வரியில் நேற்று இருந்தது இன்று இல்லை, அதனால் அது மாறிய வரி. இப்படியே பழைய பதிவுகள் மறுபடி கிளம்பிவிடும்.

ஒரு ஜவுளிக்கடையில் இதுதான் நடந்தது. கணக்கு பார்க்கும் பெண் ஒழுங்குபடுத்தும் நல்லெண்ணத்தில்தான் ஷீட்டை அடுக்கினார். முந்தைய வருடத் தீபாவளிச் சலுகைகள் பழைய விலையோடு இன்ஸ்டாகிராமில் போய்விட்டன. கடைக்காரர் கவனித்து அழிப்பதற்குள் பலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள். மறுநாள் போனை நீட்டி, “நேத்து நீங்கதானே அண்ணே போட்டிருக்கீங்க, இந்த விலைதானே?” என்று கேட்டார்கள். வாக்கு மாறக் கூடாது என்று அவரும் அதே விலைக்குக் கொடுத்தார். நட்டம் அவருக்கு, திட்டு அந்தப் பெண்ணுக்கு. தவறு செய்தவர் அப்படி அமைத்துக் கொடுத்தவர். எனக்கு ஆறாததும் அதுதான்.

சரி, எப்படி வைப்பது? மாற்றத்தைப் பார்த்து ஓடும் ட்ரிக்கரே வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது போதும். ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஒரு எண் கொடுங்கள். ‘நிலை’ நெடுவரிசையில் ‘தயார்’ என்று இருந்து, நேரமும் வந்துவிட்ட வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பதிவைப் போடுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தை ‘போகிறது’ என்று மாற்ற வேண்டும். போட்ட பிறகு ‘போயாச்சு’ என்று மாற்றி, பதிவின் இணைப்பையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

முன்பே மாற்றுவது வீண் வேலை என்று பலர் தவிர்க்கிறார்கள். ஃபேஸ்புக் பதிவை ஏற்றுக்கொண்டபின் அதன் பதில் வழியில் அறுந்துபோவது உண்டு. கருவி அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு திரும்பப் போடும். ஒரே படம் இரண்டு முறை வரும். ‘போகிறது’ என்று எழுதியிருந்தால் அந்த வரியை மறுபடி தொடாது. அங்கேயே நிற்பதை மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்யலாம்.

தேவைக்கு மேல் அடிக்கடி ஓடவிடுவது

மேக்கின் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 1,000 கிரெடிட். ஷீட்டை ஒருமுறை பார்ப்பதற்கே ஒரு கிரெடிட் போகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஷீட்டைப் பார்க்கச் சொன்னால், பார்ப்பதற்கே 30 நாளில் 2,880 செலவாகும். மணிக்கு ஒருமுறை என்றால் 720.

நேர மண்டலம்

என்எயிட்என்னைச் சொந்த சர்வரில் போட்டால் அது இயல்பாக நியூயார்க் நேரத்தில்தான் ஓடும். மாலை 6 மணிப் பதிவு குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை 4.30-க்கு வரும். கூகுள் ஷீட்டுக்கும் தனி அமைப்பு உண்டு. அது அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்பது ஜூன் 5 ஆகாது, மே 6. இரண்டையும் இந்தியாவுக்கு மாற்றுங்கள்.

டிரைவ் இணைப்பை அப்படியே கொடுப்பது

கூகுள் டிரைவில் ‘பகிர்’ என்று எடுக்கும் இணைப்பு படத்துக்குப் போகாது, படத்தைக் காட்டும் பக்கத்துக்குப் போகும். இன்ஸ்டாகிராமுக்கு நேரடிப் படம் வேண்டும், அதுவும் ஜேபெக் (JPEG) கோப்பாக.

எல்லாத் தளத்துக்கும் ஒரே வாசகம்

எக்ஸில் (பழைய ட்விட்டர்) இலவசக் கணக்குக்கு 280 எழுத்துதான். தமிழில் அது இன்னும் சீக்கிரம் தீரும், ‘கி’ அங்கே இரண்டாக எண்ணப்படும். தளத்துக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள்.

டோக்கனை மறப்பது

கருவி உங்கள் சார்பில் பதிவு போட ஃபேஸ்புக் தரும் அனுமதிச் சாவிதான் டோக்கன். அதன் நீண்டகாலப் பயனர் டோக்கன் சுமார் 60 நாள்தான் செல்லும், அப்புறம் பிழை வரும். அப்படிப் பிழை வந்தால் உங்கள் டெலிகிராமுக்குச் செய்தி வரும்படி அமையுங்கள்.

நிறுத்த வழி இல்லாமை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு நாளில் ‘இன்றே வாருங்கள்’ என்று கடையின் பதிவு தானாகப் போவது பார்க்கிறவர் மனதைப் புண்படுத்தும். ஷீட்டின் மேலே ஒரு கட்டம் வையுங்கள். அதில் ‘நிறுத்து’ என்று எழுதினால் எதுவும் போகக் கூடாது. கடைக்காரர் தன் போனிலிருந்தே அதை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அமைத்துவிட்டுக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை அவரையே செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையான கணக்கில் சோதனை

வேண்டாம். தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லைத் தன் பக்கத்திலேயே கேட்கும் கருவி

கொடுக்காதீர்கள்.